நாற்பது ஆண்டு காத்திருந்த பிரபு

இரண்டாம் ஏர்ல் கிரே என்று வரலாறு குறிக்கும் சார்லஸ் கிரே பிரிட்டனின் பிரதமராக இருந்தது 1830 நவம்பரிலிருந்து 1834 ஜூலை வரை. நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. அதற்கு முன் நாடாளுமன்றத்தில் அவர் கழித்தது 44 ஆண்டுகள். அதில் அமைச்சராக இருந்த காலம் ஓராண்டுக்குச் சற்று மேல், மற்றதெல்லாம் எதிர்வரிசைதான். 1793இல், 29 வயதில், தேர்தல் முறையைத் திருத்த வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்த வாக்குகள் 41, எதிராக 282. அதே காரியத்தை 1832இல், 68 வயதில், சட்டமாக்கி முடித்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இன்றைய உருவத்துக்கு முதல் அடி அந்தச் சட்டம்தான். அதை எடுத்துவைத்தவர் ஜனநாயகத்தை விரும்பியவர் அல்லர் என்பதில்தான் அவர் கதையின் சுவை இருக்கிறது.

கிரே பிறந்தது 1764 மார்ச் 13ஆம் நாள், இங்கிலாந்தின் வடகோடியில் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாந்து மாவட்டத்தின் ஃபாலோடன் என்ற ஊரில். நிலபுலம் நிறைந்த பழைய குடும்பம். தந்தை சர் சார்லஸ் கிரே படைத்தளபதி. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் தரப்பில் போரிட்டவர். 1777இல் ஓர் இரவுத் தாக்குதலின்போது, தவறிக்கூட வேட்டுச் சத்தம் கேட்டு எதிரி விழித்துவிடக் கூடாது என்று துப்பாக்கிகளின் சக்கிமுக்கிக் கற்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, துப்பாக்கி முனை ஈட்டிகளை மட்டும் நம்பிப் படையை நடத்தினார். அதிலிருந்து ‘கல்லில்லாத கிரே’ என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா சர் ஹென்றி கிரேக்கு வாரிசு இல்லை. கடலோரத்தில் இருந்த அவருடைய ஹோவிக் மாளிகையும் நிலங்களும் பின்னாளில் சார்லஸுக்கே வந்தன.

படிப்பு அந்த வகுப்பார் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட வழியிலேயே நடந்தது: ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி, பிறகு ஐரோப்பியச் சுற்றுப்பயணம். 1786இல் நார்தம்பர்லாந்து இடைத்தேர்தலில் வென்று மக்கள் சபைக்குள் நுழைந்தபோது வயது 22. உயரமான மெலிந்த தோற்றம், கணீரென்ற பேச்சு, கொஞ்சம் தலைக்கனம். அடுத்த ஆண்டு பிரதமர் இளைய பிட் பிரான்சோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து அவர் பேசிய முதல் பேச்சே சபையின் கவனத்தை இழுத்தது. எதிர்க்கட்சியான விக் கட்சியின் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் அவரைத் தன் சீடராகவே சேர்த்துக்கொண்டார்.

இந்தியாவோடு கிரேயின் முதல் தொடர்பும் அப்போதுதான் ஏற்பட்டது. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது 1788 பிப்ரவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. எட்மண்ட் பர்க், ஃபாக்ஸ், ஷெரிடன் ஆகியோர் இருந்த குற்றஞ்சாட்டும் குழுவில் மிக இளையவர் கிரே. 24 வயதுகூட நிரம்பவில்லை. காசி அரசர் சேத் சிங்கிடம் ஹேஸ்டிங்ஸ் பணம் பறித்தார் என்ற குற்றச்சாட்டை ஃபாக்ஸோடு சேர்ந்து அவர் எடுத்துவைத்தார். வழக்கு ஏழு ஆண்டு இழுத்தடித்து, 1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார்.

சொந்த வாழ்க்கையில் அந்த ஆண்டுகளின் நடத்தை அவருக்குப் பெருமை சேர்ப்பதல்ல. லண்டன் விக் வட்டாரத்தின் மையமாக விளங்கிய டெவன்ஷயர் கோமகள் ஜார்ஜியானாவோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. கருவுற்ற ஜார்ஜியானாவைக் கணவர் நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார். 1792இல் பிரான்சில் மகள் எலைசா பிறந்தாள். குழந்தையைக் கிரேயின் பெற்றோர் ஃபாலோடனில் வளர்த்தார்கள். கிரேயை அண்ணன் என்று நினைக்கும்படியே அவள் வளர்க்கப்பட்டாள். பிள்ளையையும் இழந்து ஊர்ப்பேச்சுக்கும் ஆளானவர் ஜார்ஜியானா. கிரேயின் அரசியல் பயணத்தில் ஒரு கீறலும் விழவில்லை. 1794இல் அயர்லாந்தைச் சேர்ந்த பான்சன்பி குடும்பத்து மேரி எலிசபெத்தை அவர் மணந்தார். அந்த மணவாழ்க்கை நீண்டது, இனிது; பிள்ளைகள் மட்டும் பதினைந்துக்குக் குறையாது. பிரெஞ்சுப் போர்க்காலத்து அரசியலில் நம்பிக்கை குறையக் குறைய, மனைவி மக்களோடு ஹோவிக்கிலேயே இருந்துவிடும் ஆசை அவரிடம் வளர்ந்தது. நாடாளுமன்றம் கூடும்போதெல்லாம் லண்டனுக்குப் பல நாள் குதிரை வண்டிப் பயணம். கட்சிக்காரர்கள் கடிதம்மேல் கடிதம் போட்டுத்தான் அவரை வரவழைக்க வேண்டியிருந்தது.

அவர் திருத்த நினைத்த தேர்தல் முறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். எந்த ஊர் எத்தனை உறுப்பினர்களை அனுப்பலாம் என்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. அதன் பிறகு ஊர்கள் வளர்ந்ததையோ அழிந்ததையோ யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நூற்பாலைகளால் பெருத்துக்கொண்டிருந்த மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் கிடையாது. பர்மிங்காமுக்கும் லீட்ஸுக்கும் கிடையாது. சஃபோக் கடற்கரையில் இருந்த டன்விச் துறைமுகத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிட்டது. ஊரில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போன பிறகும் மிச்சமிருந்தவர்கள் இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் பெயர்போனது சாலிஸ்பரி நகரை அடுத்த ஓல்டு சேரம். ஒருகாலத்தில் கோட்டையும் தேவாலயமும் இருந்த மேடு அது. பிறகு வெறும் புல். குடியிருப்பவர் எவருமில்லை. நிலப் பத்திரத்தின் பேரில் வாக்குரிமை பெற்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தேர்தல் நாளன்று வந்து, வயலில் ஒரு மரத்தடியில் கூடி, நிலத்துக்குச் சொந்தக்காரர் சொன்ன இரண்டு பேரைத் ‘தேர்ந்தெடுத்து’விட்டுப் போவார்கள். இந்த மாதிரி ஊர்களுக்கு ‘அழுகிய தொகுதிகள்’ என்று பெயர். நிலத்தை வாங்கினால் நாடாளுமன்ற இடமும் கூடவே வரும். ஓல்டு சேரத்தை அப்படி வாங்கியவர்களில் ஒருவர் தாமஸ் பிட். கிழக்கிந்திய வாணிபத்தில் பணம் சேர்த்தவர். 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தவர். அங்கே இருந்தபோது வாங்கிய பெருவைரத்தால் ‘வைரப் பிட்’ என்று பெயர் பெற்றவர். அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குப் போனது இந்தப் புல்மேட்டின் உறுப்பினராகத்தான்.

தமிழ்நாட்டுப் பணம் அழுகிய தொகுதிகளில் புழங்கியதற்கு இன்னும் பெரிய சான்று ஆற்காட்டு நவாபு முகமது அலியின் கடன் விவகாரம். நவாபுக்கு வட்டிக்கு விட்டு, அதற்கு ஈடாகத் தஞ்சாவூர் உட்படப் பல சீமைகளின் நிலவரியை எழுதி வாங்கிக்கொண்ட கம்பெனி ஊழியர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. அவர் இங்கிலாந்து திரும்பி, 1780இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவரையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவருடைய பணமே உருவாக்கியது என்று 1785இல் பர்க் மக்கள் சபையில் குற்றஞ்சாட்டினார். காவிரிக் கரையில் வசூலான வரி இங்கிலாந்தில் நாடாளுமன்ற இடமாக மாறியது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபோது விக் கட்சியின் இளைஞர்களுக்கு உற்சாகம் பொங்கியது. 1792இல் கிரேயும் நண்பர்களும் சேர்ந்து ‘மக்களின் நண்பர்கள்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயர்தான் மக்கள், உறுப்பினர்கள் எல்லாரும் வசதியான கனவான்கள். ஆனாலும் வேலை ஒழுங்காக நடந்தது. 558 பேர் கொண்ட மக்கள் சபையில் 307 பேரை 154 தனி மனிதர்களே தங்கள் செல்வாக்கால் அனுப்புகிறார்கள் என்று கணக்கெடுத்து, 1793இல் மனுவாகக் கொடுத்தார்கள். அந்த மனுவின் மேல் கிரே கொண்டுவந்த தீர்மானம்தான் 282க்கு 41 என்று தோற்றது. நேரம் அப்படி. பாரிசில் அரசனின் தலை வெட்டப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. பிரான்சோடு போர் தொடங்கியிருந்தது. ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லே ராஜதுரோகமாகக் காதில் விழுந்த காலம். 1797இல் மறுபடி முயன்றார்; எதிராக 256, ஆதரவாக 91. மனம் வெறுத்து, ஃபாக்ஸும் அவரும் சில ஆண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள்.

1801இல் தந்தைக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. மகனுக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. தந்தைக்குப் பின் பட்டம் தன்மேல் விழும்; விழுந்த நாளிலேயே மக்கள் சபையை விட்டு விலகிப் பிரபுக்கள் சபைக்குப் போயாக வேண்டும். பேச்சாளனாகப் புகழ் தேடும் ஒருவனுக்கு அது பாதி ஓய்வு மாதிரி.

1806 ஜனவரியில் பிரதமர் இளைய பிட் இறந்தார். எல்லாத் தரப்புத் திறமைசாலிகளும் சேர்ந்த அரசு என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டணி அமைந்தது. கிரே முதலில் கடற்படை அமைச்சர். செப்டம்பரில் ஃபாக்ஸ் இறந்ததும் வெளியுறவு அமைச்சரும் மக்கள் சபையில் ஆளுங்கட்சித் தலைவரும் ஆனார். தந்தை அந்த ஆண்டே ஏர்லாக உயர்த்தப்பட்டதால் மகனை ஹோவிக் பிரபு என்று அழைத்தார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர் செய்த பெரிய காரியம், அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவை 1807 பிப்ரவரியில் மக்கள் சபையில் நடத்திக்கொடுத்தது. இருபது ஆண்டாக அதற்காகப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் அவையில் உட்கார்ந்திருக்க, 283க்கு 16 என்ற கணக்கில் அது தேறியது. மார்ச்சில் அரசே கவிழ்ந்தது: கத்தோலிக்கர்களைப் படையின் உயர்பதவிகளுக்கு அனுமதிக்கும் திட்டத்தை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஏற்க மறுத்தார், இனி அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று எழுதித்தரச் சொன்னார், அமைச்சர்கள் மறுத்தார்கள். நவம்பரில் தந்தை காலமாக, கிரே பிரபுக்கள் சபைக்குப் போனார்.

அதன் பின் 23 ஆண்டு எதிர்க்கட்சி. இடையில் பதவி தேடி வந்தது உண்டு. கூட்டாளிகள் சரியில்லை, நிபந்தனை சரியில்லை என்று ஒதுங்கிவிட்டார். 1827இல் கேனிங் அமைத்த அரசில் விக்குகள் பலர் சேர்ந்தபோதும் அவர் சேரவில்லை. கேனிங்கின் தாய் நாடக நடிகை என்பது கிரேயின் வெறுப்புக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இருந்திருக்கும், குலப்பெருமை அவர் ரத்தத்திலேயே இருந்தது. இன்னொரு பக்கம், நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் முகத்தைக் கண்டாலே ஆகாது. அந்தப் பகை பழையது. இளவரசராக இருந்தபோது ஜார்ஜ் கத்தோலிக்க விதவை ஒருவரை ரகசியமாக மணந்திருந்தார். அப்படித் திருமணமே நடக்கவில்லை என்று 1787இல் ஃபாக்ஸ் அவர் சொல்லை நம்பி மக்கள் சபையில் அறிவித்தார். மனைவி கோபித்துக்கொள்ளவே, அந்த மறுப்பைப் பூசிமெழுகி ஏதாவது பேசும்படி இளவரசர் கிரேயைக் கேட்டார். முடியாது என்றார் கிரே. 1820இல் ராணி கரோலைனை விவாகரத்து செய்ய மன்னர் மசோதா கொண்டுவந்தபோதும் அதை எதிர்த்தவர்களில் அவர் ஒருவர். அந்த மன்னர் உயிரோடு இருந்தவரை கிரேக்குப் பதவி இல்லை.

1830 ஜூன் 26ஆம் நாள் மன்னர் இறந்தார். அரியணை ஏறிய தம்பி நான்காம் வில்லியமுக்குக் கிரே மேல் பகை எதுவும் இல்லை. ஜூலையில் பாரிசில் மறுபடி புரட்சி. இலையுதிர் காலத்தில் தெற்கு இங்கிலாந்தின் விவசாயக் கூலிகள் கிளர்ந்தெழுந்து, தங்கள் குளிர்கால வேலையைப் பறித்த கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். வைக்கோல் போர்கள் எரிந்தன. அந்தச் சமயம் பார்த்து, வாட்டர்லூ வெற்றி வீரரும் அப்போதைய பிரதமருமான டியூக் வெலிங்டன், இருக்கிற தேர்தல் முறையைவிட நல்லது ஒன்றை யோசிக்கவே முடியாது என்ற பொருளில் பிரபுக்கள் சபையில் அறிவித்தார். சொந்தக் கட்சிக்காரர்களே திகைத்துப்போனார்கள். இரண்டு வாரத்தில் அரசு கவிழ்ந்தது. நவம்பர் 22ஆம் நாள் கிரே பிரதமரானார். அப்போது வயது 66.

அவர் அமைத்த அமைச்சரவையைப் பார்த்தால் சீர்திருத்த அரசு என்று எவரும் சொல்லமாட்டார்கள். நான்கு பேர் தவிர மற்றவர்கள் பிரபுக்கள் சபைக்காரர்கள். அந்த நால்வரிலும் ஒருவர் ஐரிஷ் பிரபு, இன்னொருவர் ஓர் ஏர்லின் மூத்த மகன். கிரேயின் மருமகன் டர்ஹாம் பிரபு அமைச்சர். மூத்த மகனுக்கும் பதவி. உறவினருக்கு வாரி வழங்கிவிட்டார் என்ற புகார் நியாயமானதே. கிளர்ச்சி செய்த கூலிகள் விஷயத்திலும் இந்த அரசு இரக்கம் காட்டவில்லை: 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். கிரேயின் மனதில் கணக்கு தெளிவாக இருந்தது. கூலிக்காரன் கையில் வாக்கைக் கொடுக்கும் எண்ணம் அவருக்குக் கிடையாது. ஆலை முதலாளி, வணிகர், வழக்கறிஞர் என்று வளர்ந்துவரும் நடுத்தர வகுப்பை வெளியே நிறுத்தினால் அது கூலிக்காரனோடு சேரும். உள்ளே இழுத்துக்கொண்டால் நிலப்பிரபுக்கள் பக்கம் நிற்கும். புரட்சிக்கு அவசியமே இல்லாமல் செய்வதுதான் சீர்திருத்தத்தின் நோக்கம் என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

டர்ஹாம், ஜான் ரஸ்ஸல் பிரபு உள்ளிட்ட நால்வர் குழு மசோதாவை எழுதியது. 1831 மார்ச் 1ஆம் நாள் ரஸ்ஸல் மக்கள் சபையில் எழுந்து, ஒழிக்கப்படும் தொகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்வரிசை டோரிகள் முதலில் சிரித்தார்கள். பட்டியல் நீள நீளச் சிரிப்பு நின்றது.

மூன்று வாரம் கழித்து நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்பு. ஒரு தரப்பு வெளிக்கூடத்துக்குப் போய்த் தலையெண்ணித் திரும்ப, மறு தரப்பு உள்ளேயே எண்ணப்படுவது அன்றைய வழக்கம். உள்ளே எண்ணிக்கை 302 வரை போனது. எதிர்த்தரப்பு எத்தனை என்று தெரியாமல் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கதவருகே நின்ற சார்லஸ் உட் ஒரு பெஞ்சின் மேல் தாவி ஏறி, அவர்கள் 301 பேர்தான் என்று கத்தினார். ஒரே வாக்கு. தொப்பிகள் பறந்தன; சிலர் அழுதார்கள். அந்தக் காட்சியைக் கடிதத்தில் எழுதிவைத்தவர் இளம் உறுப்பினர் மெக்காலே. மூன்று ஆண்டு கழித்து அவர் சென்னையில் கப்பலிறங்கி, கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க ஊட்டிக்கு ஏறினார். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலே அவர்தான். பெஞ்சின் மேல் ஏறிய சார்லஸ் உட் கிரேயின் இன்னொரு மருமகன். 1854இல் அவர் அனுப்பிய கல்வி அறிக்கையின் விளைவாகத்தான் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

ஒரு வாக்கில் தப்பிய மசோதா அடுத்த மாதமே ஒரு திருத்தத்தில் சிக்கித் தோற்றது. கிரே சபையைக் கலைக்கச் சொன்னார். தயங்கிய மன்னர், தன் உரிமையில் பிரபுக்கள் தலையிடப் பார்க்கிறார்கள் என்று கேட்டதும் கொதித்துப்போனார். அரச ரதம் தயாராக நேரமாகும் என்றபோது, வாடகை வண்டியிலாவது போவேன் என்று கிளம்பினாராம். தேர்தலில் சீர்திருத்தக்காரர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது மசோதா மக்கள் சபையில் எளிதாகத் தேறியது. அக்டோபர் 8ஆம் நாள் விடியற்காலையில் பிரபுக்கள் சபை அதை 199க்கு 158 என்று தள்ளுபடி செய்தது. எதிர்த்தவர்களில் 21 பேர் பிஷப்புகள். நாடு தீப்பற்றியது. நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டலில் மூன்று நாள் கலவரம்; பிஷப்பின் மாளிகை சாம்பலானது.

டிசம்பரில் மூன்றாவது மசோதா. 1832 ஏப்ரலில் பிரபுக்கள் சபையே ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் அதைப் பரிசீலிக்க ஒப்புக்கொண்டு, மே 7ஆம் நாள் ஒரு திருத்தத்தின் மூலம் முடக்கப் பார்த்தது. சபையில் நமக்குப் பெரும்பான்மை வரும்படி ஐம்பது பேருக்காவது புதிதாகப் பிரபுப் பட்டம் கொடுங்கள் என்று கிரே மன்னரிடம் கேட்டார். மன்னர் மறுத்தார். கிரே ராஜினாமா செய்தார். அடுத்த ஒரு வாரத்துக்குப் பிரிட்டன் ஏறக்குறைய அரசில்லாத நாடு. வெலிங்டன் அமைச்சரவை அமைக்க முயன்றார், ஆள் சேரவில்லை. டியூக்கைத் தடுக்க வேண்டுமா, வங்கியில் போய்த் தங்கம் கேளுங்கள் என்று லண்டன் சுவர்களில் சுவரொட்டி முளைத்தது. மக்கள் வரிசை கட்டி நின்று நோட்டைக் கொடுத்துத் தங்கம் வாங்க, இங்கிலாந்து வங்கியின் இருப்பு கரையத் தொடங்கியது. மே 15ஆம் நாள் மன்னர் மறுபடி கிரேயை அழைத்தார். தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை ஆக்குவதாக வாக்களித்தார். ஆக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தங்கள் கூட்டத்தில் ஐம்பது புதுமுகங்கள் வந்து உட்காருவதைவிட மசோதா நிறைவேறிவிடுவதே மேல் என்று டோரி பிரபுக்கள் சபைக்கு வராமல் வீட்டில் இருந்துகொண்டார்கள். ஜூன் 4ஆம் நாள் 106க்கு 22 என்று மசோதா தேறியது. 7ஆம் நாள் சட்டமானது. கையெழுத்திட மன்னர் நேரில் வரவில்லை, ஆள் அனுப்பினார். பிரபுக்கள் சபையைப் பணியவைக்க இதே மிரட்டல் 1911இலும் பயன்பட்டது.

சட்டம் 56 அழுகிய தொகுதிகளை அடியோடு நீக்கியது. ஓல்டு சேரமும் டன்விச்சும் அவற்றில் அடங்கும். வேறு முப்பது தொகுதிகள் இரண்டில் ஓர் இடத்தை இழந்தன. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் தலா இரண்டு உறுப்பினர்களைப் பெற்றன. நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டில் இருப்பவருக்கு வாக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் எண்ணிக்கை நான்கு லட்சத்துச் சொச்சத்திலிருந்து ஆறரை லட்சம் வரை உயர்ந்தது. வயதுவந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வாக்காளர் ‘ஆண்’ என்று சட்டத்தில் முதன்முதலாக எழுதிவைத்ததும் இதுதான். அதற்கு முன் பெண்களுக்கு வழக்கத்தால் இல்லாதது இப்போது சட்டத்தாலேயே இல்லை என்றானது. பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க வாய்விட்டுச் சொல்லி வாக்களிக்கும் முறை 1872 வரை நீடித்தது. தெருவில் இறங்கிப் போராடிய தொழிலாளர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை; அந்த ஏமாற்றத்திலிருந்துதான் 1838இல் வாக்குரிமை கேட்டுத் தொழிலாளர்களின் சாசன இயக்கம் எழுந்தது. சட்டத்தின் உண்மையான பலன் எண்ணிக்கையில் இல்லை. நாடாளுமன்றத்தின் அமைப்பை நாடாளுமன்றமே மாற்றலாம் என்று ஆகிவிட்டது. இதுவே கடைசிச் சீர்திருத்தம் என்று கிரே நம்பினார். 1867, 1884, 1918 என்று சட்டங்கள் அதன் பின்னால் வரிசையாக வந்தன.

புதிய நாடாளுமன்றம் 1833இல் வேகமாக வேலை செய்தது. ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைக்கும் சட்டம் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வாணிபத்தையும் சீனத் தேயிலை ஏகபோகத்தையும் முடித்து, வங்காள கவர்னர் ஜெனரலை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக்கிய சாசனச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அடிமை ஒழிப்புச் சட்டம். சுமார் எட்டு லட்சம் அடிமைகள் விடுதலைக்கு உரியவர்களானார்கள். இழப்பீடாக இரண்டு கோடிப் பவுண்டு கொடுக்கப்பட்டது, அடிமைகளுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த எஜமானர்களுக்கு. அதற்கு வாங்கிய கடனைப் பிரிட்டன் 2015இல்தான் அடைத்து முடித்தது. அந்தச் சட்டம் கம்பெனியின் இந்தியப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருந்தது. இந்தியாவில் அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது 1843இல். இதற்கிடையே விடுதலையானவர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, மொரீசியசுக்கும் கயானாவுக்கும் இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம்.

கிரேயை வீழ்த்தியது அயர்லாந்து. அங்கே கிளர்ச்சியை ஒடுக்க 1833இல் கொண்டுவந்த கடுஞ்சட்டத்தைப் புதுப்பிப்பதா, தளர்த்துவதா என்பதில் அமைச்சர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். சிலர் விலகினார்கள், பிரதமருக்குத் தெரியாமல் ஐரிஷ் தலைவர் ஓக்கானலிடம் சிலர் பேசியது அம்பலமானது. எழுபது வயதுக்காரருக்கு அலுத்துப்போயிருந்தது. 1834 ஜூலையில் பதவி விலகி ஹோவிக் திரும்பினார். அதன் பின் பதினோரு ஆண்டு மரம் வளர்த்து, பேரப்பிள்ளைகளோடு இருந்து, 1845 ஜூலை 17ஆம் நாள் 81 வயதில் காலமானார். ஹோவிக் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று உலகம் அவர் பெயரைத் தேநீர்க் கடையில்தான் அதிகம் உச்சரிக்கிறது. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த பெர்கமட் பழத்தோலின் எண்ணெய் மணக்கும் ‘ஏர்ல் கிரே’ தேயிலையை, ஹோவிக் கிணற்றின் சுண்ணாம்புத் தண்ணீருக்குப் பொருந்தும்படி சீனப் பெரியவர் ஒருவர் கலந்து கொடுத்தார் என்று குடும்பத்தில் கதை உண்டு. கிரே சீனாவுக்குப் போனதே இல்லை. அந்தப் பெயரில் தேயிலை விளம்பரங்கள் தெளிவாகக் கிடைப்பதும் 1880களில்தான். சாசனச் சட்டத்தால் சீனத் தேயிலை எல்லா வணிகர்களுக்கும் திறந்துவிடப்பட்டது அவர் ஆட்சியில் என்பதைத் தவிர, அவருக்கும் அந்த டப்பாவுக்கும் உறுதியான தொடர்பு எதுவும் இல்லை.

அவர் உயிரோடு இருந்தபோதே, 1838இல், நியூகாசில் நகரின் நடுவில் மக்கள் நன்கொடையில் நாற்பது மீட்டர் உயரத் தூண் எழுப்பி அதன் உச்சியில் அவர் சிலையை நிறுத்தினார்கள். செதுக்கியவர் எட்வர்டு பெய்லி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் நெல்சன் சிலையும் அவர் கைவேலைதான். உள்ளே 164 படிகள் ஏறினால் மேலே போகலாம். 1941இல் மின்னல் தாக்கிச் சிலையின் தலை கழன்று கீழே விழுந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தலையில்லாமலே சில ஆண்டு நின்றார் கிரே. போர் முடிந்த பிறகுதான் புதுத் தலை செய்து பொருத்தினார்கள்.